குமணன்சாவடியிலிருந்து சிங்கப்பூர் பேசுகிறது

சிங்கப்பூருக்குக் கிளம்பி, குமணன்சாவடி வரைக்கும் போய்ச் சேர்ந்த கதை இது. வெளிநாட்டுப் பயணம் எழுதுகிறவர்கள் விமான ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தத்துவம் பேசுவார்கள். எனக்கு மேகம் தலைக்கு மேலேயே நின்று கொட்டிக்கொண்டிருந்ததால் தத்துவத்துக்கு நேரமில்லை. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷினுக்கு புரோகிராம் போடுகிற வேலை எனக்கு. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. சேக்காட்டில் சொந்த வீட்டில் அப்பாவும் நானும்தான். தங்கை வள்ளி சிங்கப்பூரில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்த பையனைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து, அதை அப்பாவிடம் நேராக வந்து சொல்லியும் விட்டாள். அன்றோடு அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்தினார். அவளைப் பார்க்கப் போகிறேன் என்றால் என்னிடமும் நிறுத்திவிடுவார். அதனால் "கம்பெனி டிரெய்னிங், பத்து நாள்" என்று சொன்னேன். டீக்கு பிஸ்கட் வாங்கித் தரவே யோசிக்கிற எங்கள் கம்பெனியைப் பற்றி அப்பாவுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. நம்பிவிட்டார்.

கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் டாங்க் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டத்தில், வீட்டு ஆள் ஒருவர் வெளியே கிளம்பினால் சேர்ந்ததும் போன் வர வேண்டும். சேக்காட்டிலிருந்து அம்பத்தூருக்கு பஸ் ஏறினாலும் அப்படித்தான். வரும்வரை சாப்பிட மாட்டார், வீட்டைவிட்டு நகர மாட்டார். அதுவும் லேண்ட்லைனுக்குத்தான் வர வேண்டும். செல்போன் அவரிடம் உண்டு, அதை அவர் டார்ச் லைட்டாக மட்டும் வைத்திருந்தார். ஒரு தடவை வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் மறந்தே போனேன். சாயங்காலம் ஞாபகம் வந்து கூப்பிட்டபோது மத்தியானச் சாப்பாடு மூடியபடி இருந்தது. மனிதர் திட்டக்கூட இல்லை. "சரி, சேந்துட்டியா" என்று வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

முதல் நாள், கால் டாக்சி ஆவடியிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் நீந்தத் தொடங்கியது. டிரைவர் பாதி தூரம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், மீதி தூரம் சாமி படத்தைப் பிடித்திருந்தார். குமணன்சாவடி சந்திப்பில், மெட்ரோவுக்காக நட்டு வைத்த தூண்களுக்கு நடுவில், வண்டி இருமி நின்றது. டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சார், இதுக்கு மேல போவணும்னா நீங்க கப்பல்தான் புக் பண்ணணும்."

அதே சமயம் போனில் செய்தி வந்தது. விமானம் ரத்து. ஓடுபாதையில் தண்ணீர். மறுதேதி பின்னர் அறிவிக்கப்படும். இறங்கினேன், இடுப்பளவு. என் வாழ்க்கையில் முதல் தடவையாக இஸ்திரி போட்ட பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தண்ணீருக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரே கட்டடம் ஒரு கல்யாண மண்டபம். மேல் மாடியில் மறுநாள் கல்யாணம். பெண் வந்துவிட்டாள், சமையல்காரர்கள் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை மட்டும் திருத்தணிப் பக்கம் மாட்டிக்கொண்டார். வெளிநாட்டு ஓட்டல்களில் பாஸ்போர்ட் கேட்பார்களாம். இங்கே படியில் நின்ற பெரியவர் ஒருவர், "நீங்க பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?" என்று கேட்டார். பந்தியில் எந்தப் பக்கம் இலை போட்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு வீடு" என்றேன். நல்ல முடிவு. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒருவருமே இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் பாதுஷா. மறுநாள் காலை இட்லியோடு பாதுஷா. மத்தியானம் சாம்பார் சாதத்தோடு பாதுஷா. ஆயிரம் பேருக்குப் போட்டு வைத்ததை நூற்றைம்பது பேர் தின்று தீர்க்க வேண்டும் என்று சமையல் மாஸ்டர் சபதம் எடுத்திருந்தார். வேண்டாம் என்று கையை மறைத்தால் முழங்கை மேல் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். லேண்ட்லைன் செத்துக் கிடந்தது. ஆவடிப் பக்கம் செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டன. நிலைமை இப்படி என்று அப்பாவுக்கே தெரியும், போனுக்காகக் காத்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு தப்பாகக் கணக்குப் போட என்னால்தான் முடியும்.

இரண்டாம் நாள் காலை, வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்க, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஓர் உயரமான லாரியில் இரண்டு ஃபைபர் படகுகள் வந்தன. கூடவே தேசப்பனும் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கறுத்து, இறுகி, எதைப் பார்த்தாலும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்க்கிற முகம். ஒரு படகையும் கையடக்கமான வயர்லெஸ் ஒன்றையும் அவர் மச்சான் ரவி லாரியோடு ஆவடிப் பக்கம் கொண்டுபோனார். தேசப்பன் மண்டபத்து மொட்டைமாடிக்கு ஏறி, படகில் இருக்கும் வயர்லெஸ் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தார். விசிறி மட்டை நீளத்துக்கு ஒரு ஏரியலைத் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டி, பெட்டியைப் படகு பேட்டரியில் மாட்டினார். கர்ர் என்றது. கடலில் படகுக்குப் படகு பேசிக்கொள்கிற வி.எச்.எஃப். பெட்டி அது.

"ரவி, ரவி, தேசப்பன் பேசுறேன். எழுவத்திரண்டுக்கு வா. ஓவர்."

பதினாறாம் சானலில் ஆளைக் கூப்பிட மட்டும்தான் வேண்டும், அரட்டைக்கு வேறு சானலுக்குப் போய்விட வேண்டும் என்று எனக்கு விளக்கினார். மீறினால் கடலில் ஒரு பயல் மதிக்க மாட்டானாம். எங்கள் வார்டு கூட்டத்துக்கு இந்த ஒழுங்கு கொஞ்சம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மொட்டைமாடியின் வடகிழக்கு மூலையில் மட்டும் என் போனுக்கு சிக்னல் இருந்தது. வெளிநாட்டுக்கென்று இரண்டு பவர் பேங்க் முழுக்க சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். அந்த மூலையில் நின்று வள்ளியோடு நெட் காலில் பேசுவதைத் தேசப்பன் பார்த்தார்.

"சிங்கப்பூர் அண்ணாத்தே, உன் போனு அந்த மாதிரி வெளிநாட்டுக்கெல்லாம் போவுதா?"

"போகுது."

"அப்ப இங்க வந்து குந்து. அந்தாண்ட எத்தினி ஜனம் புள்ளைங்களாண்ட பேச முடியாம அயுதுகினு கீது."

அவர் ஊரில் இது பழைய பழக்கமாம். ஆழ்கடலில் இருக்கிற படகுக்குச் செல்போன் எட்டாது, வயர்லெஸ் எட்டும். கரைக்குக் கிட்டே இருக்கிற படகுக்குச் செல்போனும் எட்டும். ஆழத்தில் இருப்பவர் வயர்லெஸில் நம்பரைச் சொல்வார். கரைக்காரர் அதை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனை மைக்கோடு ஒட்டிவைப்பார். மனைவி பேசும்போது மைக் பொத்தானை அமுக்க வேண்டும், புருஷன் பேசும்போது விட வேண்டும். ஒருவர் முடித்து "ஓவர்" சொன்னால்தான் அடுத்தவர் வாய் திறக்கலாம். சுற்றியிருக்கிற அத்தனை படகுக்கும் இரண்டு பக்கமும் கேட்கும்.

"ஊட்டு சமாசாரமெல்லாம் எல்லாருக்கும் கேட்டுடுமே?" என்றேன். அரை நாளில் எனக்கும் அவர் பேச்சு தொற்றியிருந்தது.

"கேக்கும். ஆனா எவனும் கேட்ட மாதிரி காட்டிக்க மாட்டான். நடுவுல வாய உட மாட்டான். கரைக்கு வந்தாலும் அதப் பத்திப் பேச மாட்டான். அதான் ரூலு."

இப்படித்தான் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆனேன். நாற்காலி, குடை, இடது கையில் போன், வலது கையில் மைக். உட்கார்ந்த இடத்திலிருந்தே அன்று கனடா, துபாய், ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் போய்வந்தேன்.

முதல் அழைப்பு பருத்திப்பட்டிலிருந்து ஒரு அம்மா, கனடாவில் மகன். அந்த அம்மா பொத்தானை அமுக்கியவர் விடவே இல்லை. தண்ணீர் வந்தது, ஃபிரிட்ஜ் மிதந்தது, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை இருக்கிறது, நீ கவலைப்படாதே, ஸ்வெட்டர் போடு, ஏண்டா பேச மாட்டேங்கிற, கோபமா, என்றார். பொத்தானை விட்டால்தானே அவன் பேசுவது கேட்கும். கனடாவில் அவன் "அம்மா, அம்மா" என்று கத்தியது எனக்கும் தேசப்பனுக்கும் மட்டும்தான் கேட்டது. கடைசியில் ரவியே வயர்லெஸைப் பிடுங்கி, "ஓவர்மா! ஓவர் சொல்லு!" என்று அலறினார்.

அடுத்தது ஓர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர். ஐந்தாம் மாடியில் காலியாக இருக்கும் வீட்டின் கழிப்பறையைக் கீழ்வீட்டுக்காரர்கள் உபயோகிக்கலாமா என்று அமெரிக்காவில் இருக்கும் உரிமையாளரிடம் அனுமதி கேட்டார். அங்கே விடிகாலை நான்கு மணி. உரிமையாளர் யோசித்து, "அதுல பேப்பர் மட்டும் போட வேண்டாம்னு சொல்லுங்க, ஓவர்" என்றார். ஆவடி முதல் பூந்தமல்லி வரை மீட்புக்கு வந்திருந்த அத்தனை படகுகளும் அதை மரியாதையாகக் கேட்டு, கேட்காத மாதிரி இருந்தன.

சேக்காட்டைப் பற்றி ரவியிடம் கேட்டேன். அந்தப் பக்கம் நாளைக்குத்தான் போக முடியும் என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டி ரவியின் குரலில் என்னைக் கூப்பிட்டது.

"மாமே, அந்த சிங்கப்பூர் அண்ணாத்த கீறாரா? அவரு நைனா ஊட்டாண்ட கீறேன். ஓவர்."

என் கையில் பாதி பாதுஷா இருந்தது. வாயில் மீதி.

"எப்படி இருக்கார்? ஓவர்."

"நல்லாத்தான் கீறாரு. ஊட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. சாப்பாட்டு டேபுள் மேல சேர் போட்டுக் குந்தினு கீறாரு. மடியில டெலிபோனு. கூப்டா வர மாட்டேன்றாரு. மவன் சிங்கப்பூர் போயிருக்கானாம், போய்ச் சேர்ந்தேன்னு போன் வரலயாம். வராம நகர மாட்டாராம். ஓவர்."

அந்த மனிதர் மூன்று நாளாகச் செத்த டெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகத் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நான் எட்டு கிலோமீட்டர் தள்ளி, பெண் வீட்டுக்காரனாகப் பந்தியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது, இரண்டு கையும் காலியாக இல்லை.

ரவி இன்னொன்றும் சொன்னார். ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், இருட்டுவதற்குள் அந்தத் தெருவில் ஆள் உயரத்துக்கு ஏறிவிடும். நான்கு மணிக்கு மேல் அந்தச் சந்துக்குள் படகைக் கொண்டுபோனால் தொங்குகிற மின்கம்பியில் தலை இடிக்கும். இதுதான் கடைசி நடை. மணி மூன்றரை.

"உள்ள போய் வயர்லெஸை அவர் கையில குடுங்க" என்றேன்.

"அப்பா, நான்தான். சேர்ந்துட்டேன்ப்பா. சிங்கப்பூர்லேர்ந்து பேசுறேன். நல்லா இருக்கேன். நீங்க படகுல ஏறுங்க. ஓவர்."

பொத்தானை விட்டேன். பின்னால் சமையல் மாஸ்டர், "சாம்பார் வாளி எங்கய்யா?" என்று கத்தியது நான் விடுவதற்கு முன்பா பின்பா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அப்பாவுக்கு இல்லை.

"சிங்கப்பூர்ல எவம்ல சாம்பார் வாளி கேக்கான்?"

"தமிழ் ஓட்டல்ப்பா. ஓவர்."

"ஏல, நான் டாங்குல வயர்லெஸ் பெட்டி மாட்டுனவன். இந்தச் சைஸ் ஏரியலுக்கு இந்தா இருக்கிற பூந்தமல்லி எட்டுனாலே பெரிசு. சிங்கப்பூராம். அந்த வயர்லெஸ்காரன் என் மகன மாதிரி மிமிக்ரி பண்ணச் சொன்னானா? என் மகன் குரல் இப்படிக் கரகரன்னு இருக்காது."

முப்பத்தைந்து வருஷ அனுபவசாலியிடம் வயர்லெஸில் பொய் சொன்னால் இதுதான் கதி. மூன்று நாள் மழையில் நனைந்து தொண்டை கட்டியதில் நானே நான் இல்லை என்று ஆகிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து போன் பூந்தமல்லிப் பக்கம் வருகிறது, அங்கே ஒருவர் அதை வயர்லெஸில் ஒட்டி அனுப்புகிறார் என்று விளக்கினேன். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அப்படின்னா சிங்கப்பூர்ல இருக்கிற வேற யாரையாவது பேசச் சொல்லு. உங்க டிரெய்னிங் மேனேஜரைக் கூப்பிடு."

சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். தேசப்பன் என்னைப் பார்த்தார். ரூல்படி அவர் எதையும் கேட்கவில்லை. நானே கதையைச் சொன்னேன்.

"தங்கச்சிய போடு" என்றார். "டேபுள் மேல இன்னொரு டேபுள் போட முடியாது."

வள்ளி முதல் மணியிலேயே எடுத்தாள். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் சொன்னேன். நான் வந்து சேர்ந்துவிட்டதாக அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

"உண்மையச் சொன்னதுக்குத்தான் எனக்கு மூணு வருஷம் தண்டனை" என்றாள். "இப்ப முதல் பேச்சே பொய்யா?"

"வள்ளி, தண்ணி ஏறுது."

மூச்சை இழுத்துவிட்டாள். "சரி. போடு."

ஸ்பீக்கரில் போட்டு, போனை மைக்கோடு ஒட்டினேன். தேசப்பன் பொத்தானை அமுக்கினார்.

"அப்பா. வள்ளி பேசுறேன். அண்ணன் வந்துட்டான். எங்க வீட்லதான் இருக்கான். குளிச்சுக்கிட்டிருக்கான். ஓவர்."

தேசப்பன் பொத்தானை விட்டார். பெட்டி சும்மா இரைந்தது. நான் எண்ண ஆரம்பித்து, முப்பதுக்கு மேல் எண்ணிக்கொண்டே போனேன். பிறகு அப்பா குரல் வந்தது. எங்களிடம் இல்லை, பக்கத்தில் நிற்கிற ரவியிடம்.

"தம்பி, அவட்ட கேளு. அவன் எப்ப வந்தானாம்?"

எங்கள் சொந்தக்காரர்களுக்குள் இது நடைமுறை. பேச்சு இல்லாதவர்கள் ஒரே அறையில் இருந்தாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். 'காபி வேணுமான்னு அவரைக் கேளு' என்பார்கள். அவர் காதில் விழும், இருந்தாலும் நடு ஆள் சொன்ன பிறகுதான் பதில் சொல்வார். ரவி அந்த வேலைக்கென்றே பிறந்தவர் போல ஏற்றுக்கொண்டார்.

"தங்கச்சி, அண்ணாத்த எப்ப வந்தாருன்னு நைனா கேக்குறாரு. ஓவர்."

"நேத்து காலையில. ஓவர்."

"நேத்து காலீல வந்தாராம், நைனா."

"என்ன சாப்பிட்டான்னு கேளு."

"இன்னா துன்னாருன்னு கேக்குறாரு. ஓவர்."

"இட்லி. ஓவர்."

அது பொய்யில்லை. பாதுஷாவைத்தான் விட்டுவிட்டாள்.

"அவ இருக்கிற வீடு மேல் மாடியா, தரையான்னு கேளு."

இப்போது கேள்வி என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மணி மூன்றே முக்கால். வள்ளியும் அதைக் கவனித்தாள். சின்ன வயசிலிருந்தே எங்கள் வீட்டில் மூளை அவளுக்குத்தான்.

"ரவி அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க. டேபிளை விட்டு இறங்கினாத்தான் இதுக்குப் பதில். ஓவர்."

ரவி சொன்னார். அப்பா ஏதோ முனகினார். தண்ணீர் சளசளவென்று கேட்டது.

"எறங்கிட்டாரு, தங்கச்சி! ஓவர்!"

"பன்னிரண்டாவது மாடி. ஓவர்."

"பன்னிரண்டா? லிப்ட் நின்னுட்டா என்ன பண்ணுவாளாம்? அவளுக்கு மூச்சு வாங்குமே. இப்பவும் வாங்குதான்னு கேளு."

"கதவு வரைக்கும் வரச் சொல்லுங்க. ஓவர்."

சளசள. "வந்துட்டாரு. ஓவர்."

"இப்ப பரவாயில்ல. மாத்திரை எடுக்கிறேன். ஓவர்."

அப்போது பெட்டியில் வேறொரு குரல் புகுந்தது. திருமுல்லைவாயல் பக்கம் இருந்த படகுக்காரர் யாரோ. "யோவ் பெருசு, அதான் கேக்குதுல்ல, நேராப் பேசுய்யா!"

தேசப்பனுக்குக் கண் சிவந்தது. பொத்தானை அமுக்கி, "எவன்டா அவன்? ஊட்டுப் பேச்சு நடக்கச் சொல்ல நடுவுல வாய உடுறவன்? பொத்து!" என்றார். அந்தப் படகு அதற்கப்புறம் அன்று முழுக்க மூச்சுக் காட்டவில்லை.

அப்பா வாசலில் நின்றார். தண்ணீர் மார்பளவு என்று ரவி சொன்னார். அப்பா அடுத்த கேள்வியைக் கேட்டார். "அந்தப் பையன் இவளோட சண்டை கிண்டை போடுதானான்னு கேளு."

"படகு விளிம்பைப் பிடிச்சாச்சான்னு கேளுங்க, அண்ணே. ஓவர்."

"புட்ச்சிட்டாரு. ஓவர்."

"போடுவார். நான்தான் ஜெயிப்பேன். ஓவர்."

ரவி சிரித்தது கேட்டது. அப்பா சிரித்தாரா என்று தெரியவில்லை. மின்கம்பி, நேரம், ஏறுகிற தண்ணீர் எல்லாம் என் தலைக்குள் ஓடின. பெட்டி கர்ர் என்றது.

"தம்பி, அவட்ட கேளு." அப்பா நிறுத்தினார். "சந்தோசமா இருக்காளான்னு கேளு."

ரவி அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "தங்கச்சி. நைனா கேக்குறாரு. சந்தோசமா கீறியான்னு. ஓவர்."

போனில் வள்ளி அழுவது எனக்குக் கேட்டது. நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. தேசப்பன் மட்டும் ரூல்படி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல படகுல ஏறச் சொல்லுங்க, அண்ணே. உள்ள உக்காந்தாத்தான் சொல்லுவேன். ஓவர்."

டமார் என்று ஒரு சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, அது அப்பாவுடையது, பிறகு இன்ஜின் உறுமல். "ஏறிட்டாரு! ஏறிட்டாரு! ஓவர்!"

"இருக்கேன்ப்பா" என்றாள் வள்ளி. ஓவர் சொல்ல மறந்துவிட்டாள்.

நான் தேசப்பனைக் கட்டிப் பிடித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. விலக்கிவிட்டு ஏரியலைச் சரி பார்க்கப் போனார். மாஸ்டர் மேலே வந்து எல்லாருக்கும் டீ கொடுத்தார், கூடவே அதையும் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் இரண்டு வாங்கித் தின்றேன்.

டீயைப் பாதி குடித்த பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

"தேசப்பன் அண்ணே, ரவி இவங்களையெல்லாம் எங்க கொண்டாந்து விடுவார்?"

அவர் என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார். "ரெண்டு நாளா கீழ வந்து எறங்குறாங்களே, பார்க்கல நீ? இங்கதான்."

மணமகள் அறையில் ஒளியலாமா என்று யோசித்தேன். மணமகளும் அவள் சித்திகளும் உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், இடமில்லை. குடையை விரித்து முகத்தை மறைத்துப் பார்த்தேன். மண்டபத்துக்குள் குடை பிடித்து நிற்கிறவனைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள் என்று புரிந்து மடக்கிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் லாரி வந்தது. பின்பக்கம் திறந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஆறாவதாக அப்பா. நனைந்த லுங்கி, யாரோ போர்த்திய கோணி, பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்த அந்த டெலிபோன். மூன்று நாள் சாப்பிடாத முகம். படியேறி வந்தார். நான் கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். என் பெட்டியைப் பார்த்தார், அதில் தொங்குகிற சிங்கப்பூர் விலாச அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

என் பக்கத்தில் நின்ற தேசப்பனிடம் திரும்பினார்.

"ஐயா, இவன்ட்ட கேளுங்க. குளிச்சு முடிச்சாச்சான்னு."

தேசப்பன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "அண்ணாத்தே, குளிச்சிட்டியான்னு நைனா கேக்குறாரு" என்றார்.

"மன்னிச்சிடுங்கப்பா" என்றேன். அப்பா காதில் வாங்கவில்லை. நடு ஆள் சொன்னால்தானே விழும். "மன்னிச்சிடணுமாம்" என்று தேசப்பன் சொன்னதும் அவர் பந்தியைப் பார்த்து நடந்தார்.

இலை போட்டார்கள். அப்பா சாப்பிட்டார், மெதுவாக, எல்லாவற்றையும். மாஸ்டர் பாதுஷாவை வைத்தபோது ஒரு விள்ளல் வாயில் போட்டு, "பதமா இருக்கு" என்றார். மூன்று நாளில் அதைப் பாராட்டிய முதல் ஆள் என்று மாஸ்டர் இன்னும் மூன்று வைத்தார்.

கை கழுவிவிட்டு மொட்டைமாடிக்கு வந்தார். வள்ளி மறுபடி கூப்பிட்டிருந்தாள். போனை நான் நீட்டினேன். அவர் என் கையிலிருந்து வாங்காமல், நான் அதைத் தேசப்பனிடம் கொடுக்கும்வரை காத்திருந்து, தேசப்பனிடமிருந்து வாங்கினார். மூலையில் திரும்பி நின்றார். பொத்தான் எங்கே என்று பக்கவாட்டில் தடவிப் பார்த்தார். இல்லை என்றதும் காதில் வைத்தார்.

"வள்ளி" என்றார். "அப்பா பேசுதேன். ஓவர்."

அதற்கப்புறம் நானும் தேசப்பனும் தள்ளி நின்று கேட்காத மாதிரி இருந்தோம். அரைமணி நேரம் போயிருக்கும். ஒரு பவர் பேங்க் தீர்ந்தது. அவள் பேசும்போதே இவரும் பேசினார், இவர் பேசும்போதே அவளும் பேசினாள், யாருக்கும் யார் சொல்வதும் கேட்டிருக்காது. வாக்கிய முடிவில் 'ஓவர்' சொல்வதை அவர் கடைசிவரை விடவில்லை.

முடித்துவிட்டுப் போனைத் துடைத்து, தேசப்பன் கையில் கொடுத்தார். தேசப்பன் என்னிடம் கொடுத்தார். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தண்ணீரில் நிற்கிற மெட்ரோத் தூண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"ஐயா, அவன்ட்ட கேளுங்க. பாஸ்போர்ட் எடுக்க எத்தன நாளாகும்னு."